வார இறுதியில் மூடப்படும் சாலைகள்: சியாட்டில் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

சியாட்டில், பெல்வியூ, ரெட்மண்ட், பாதல், சமாமிஷ், இசக்குவா பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

வெள்ளி இரவு பத்து, பதினொரு மணிக்கு ஆரஞ்சு நிறப் பீப்பாய்கள் சாலையில் இறங்குகின்றன. திங்கள் காலை ஐந்து மணிக்கு அவை எடுக்கப்படுகின்றன. சியாட்டில் வட்டாரத்தில் ஒரு நெடுஞ்சாலையின் வார இறுதி மூடல் என்பது இந்த ஐம்பத்தைந்து மணி நேரம்தான். உங்கள் வாரத்தில் உங்களுக்கென்று மிஞ்சுவதும் அதே ஐம்பத்தைந்து மணி நேரம். தமிழ்ப் பள்ளி, கோயில், மளிகை, பிள்ளையின் நீச்சல் வகுப்பு, கோடையில் அடுக்கடுக்காக வரும் அரங்கேற்றங்கள், ஊரிலிருந்து வரும் பெற்றோரை அழைத்துவர சீடாக் விமான நிலையம், எல்லாம் அதற்குள் நடந்தாக வேண்டும். மூன்று மாதம் முன்பே மண்டபம் பிடித்து, மேக்கப் போட ஆள் ஏற்பாடு செய்து, பக்கவாத்தியக்காரர்களை வேறு மாநிலத்திலிருந்து வரவழைத்த குடும்பத்திடம் "அன்று 520 பாலம் மூடல்" என்று பத்து நாள் முன்னால் சொன்னால் கோபம் வராமல் இருக்காது. வாட்ஸ்ஆப் குழுக்களில் நீங்கள் கொட்டுவதில் பெரும்பகுதி நியாயமானது. ஆனால் "ஏன் மூடுகிறார்கள்?" என்ற கேள்வியோடு அந்தக் கோபம் நின்றுவிடுகிறது. கேட்க வேண்டிய கேள்விகள் அதற்கு அப்பால் இருக்கின்றன.

முதலில் நிலம். சியாட்டில் உடுக்கை வடிவ நகரம். மேற்கே பியூஜெட் சவுண்ட் கடற்கழி, கிழக்கே வாஷிங்டன் ஏரி. இரண்டும் நெருங்கிவரும் ஒடுங்கிய இடுப்பில் நகர மையம். கனடா எல்லையிலிருந்து மெக்சிகோ எல்லைவரை ஓடும் ஐ-5 அந்த இடுப்பைப் பிளந்துகொண்டு போகிறது. நகருக்குள் அதன் சுமையில் ஒரு பங்கை 99ஆம் எண் சாலை தாங்கும். அதற்குமேல் மாற்று கிடையாது. ஏரியின் கிழக்குக் கரையில் குடியிருக்கும் உங்களில் பலருக்கு நகரத்துக்குப் போக இரண்டு மிதவைப் பாலங்கள்தாம் வழி: 520, ஐ-90. ஏரி ஆழமானது, அடியில் மென்சேறு. தூண் நாட்டுவது கடினம் என்பதால் கான்கிரீட் மிதவைகளை நங்கூரமிட்டு அவற்றின்மேல் சாலை போட்டார்கள். 2016இல் திறந்த புதிய 520 பாலம் 7,708 அடி நீளம், உலகிலேயே மிக நீளமான மிதவைப் பாலம். பெருமைதான். ஆனால் அது மூடியிருக்கும் சனிக்கிழமையில் ஐ-90 ஒன்றே மிச்சம். அதுவும் அடைத்தால் வடக்கே கென்மோர் வழியாகவோ தெற்கே ரென்டன் வழியாகவோ ஏரியைச் சுற்றிவர வேண்டும். கைபேசி வரைபடம் காட்டும் மாற்றுவழியில் அதற்குள் ஊரே போய் நின்றிருக்கும்.

வடக்கு தெற்காகப் போவோருக்கு இன்னொரு நீர்த்தடை உண்டு. ஏரியைக் கடலோடு இணைக்க வெட்டி, 1917இல் திறக்கப்பட்ட கப்பல் கால்வாய் அது. ஐ-5 அதைத் தாண்டுவது 1962இல் திறந்த இரண்டு அடுக்குப் பாலத்தின் மீது. மேலடுக்கில் எட்டுத் தடங்கள்; கீழடுக்கில் காலை ஒரு திசையிலும் மாலை மறு திசையிலும் ஓடும் எக்ஸ்பிரஸ் லேன்கள். ஒரு நாளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் அதன்மேல் ஓடுகின்றன. அறுபது ஆண்டுகளில் மேல்தளக் கான்கிரீட் தேய்ந்து குழி விழத் தொடங்கிவிட்டது. வெயிலுக்கு விரிந்து குளிருக்குச் சுருங்க இடம்விட்டு வைக்கும் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்கள் தளர்ந்துவிட்டன. பாலத்துக்கு இரு புறமும் உள்ள சாலைப் பலகைகளும் அதே வயதுடையவை. ஏறக்குறைய இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்கட்டும் என்று போட்ட கான்கிரீட்டைச் சியாட்டில் மூன்றாவது தலைமுறைக்கும் ஓட்டிக்கொண்டிருக்கிறது.

2025 கோடையில் நீங்கள் பட்ட பாடு இந்தப் பாலத்தின் பாடுதான். ஜூலை 18 இரவு முதல் 21 காலைவரை ஐ-90 சந்திப்பிலிருந்து 45ஆம் தெரு வரை வடக்கு நோக்கிய ஐ-5 முழுவதும் மூடப்பட்டது. அதன்பின் நான்கு வாரம் பாலத்தில் வடக்கு நோக்கிய நான்கு தடங்களில் இரண்டு மட்டுமே திறந்திருந்தன. ஆகஸ்ட் நடுவில் மறுபடி ஒரு வார இறுதி முழு மூடல். அந்த வாரங்களில் எக்ஸ்பிரஸ் லேன்கள் இரவும் பகலும் வடக்கு நோக்கியே விடப்பட்டதால், காலையில் லின்வுட் பக்கமிருந்து நகரத்துக்கு வருவோர் தெற்கு நோக்கிய வசதியை இழந்தார்கள். பழுதுபார்த்தது ஒரு திசையில், அவதி இரு திசையிலும். 2026, 2027 ஆண்டுகளுக்கான திட்டமும் இதே போக்கில்தான்: முதலில் வடக்கு நோக்கிய தடங்கள், பிறகு தெற்கு நோக்கியவை, இடையில் 2026 உலகக் கோப்பைக் கால்பந்து நடக்கும் வாரங்களுக்கு மட்டும் ஓய்வு.

ஏன் வார இறுதி? இரவு வேலையாகச் செய்தால் என்ன என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். இரவு பத்து மணிக்கு மூடி, தடுப்புகள் வைத்து, இயந்திரங்களை இறக்கி முடிக்கும்போது பதினொன்றரை. காலை ஐந்துக்குத் திறக்க வேண்டுமென்றால் மூன்றரைக்கு மூட்டை கட்ட வேண்டும். மிஞ்சும் நான்கு மணி நேரத்தில் குழி அடைக்கலாம்; பாலத் தளத்தைப் புதுப்பிக்க முடியாது. அந்த வேலையில் மிகுந்த அழுத்தத்துடன் நீரைப் பீய்ச்சிப் பழைய கான்கிரீட்டின் மேலடுக்கை உரித்தெடுக்கிறார்கள். இரும்புக் கம்பிக்குச் சேதமில்லாமல் நலிந்த கான்கிரீட்டை மட்டும் அகற்ற இது நல்ல முறை. உரித்த தளத்தின்மேல் புதிய அடுக்கு ஊற்றி அது இறுகும்வரை சக்கரம் படக் கூடாது. பாதி உரித்த பாலத்தைக் காலையில் யாருக்கும் திறந்துவிட முடியாது. வேலை நாள்களிலும் முடியாது: அமேசான் 2025 ஜனவரியிலிருந்து வாரத்தின் ஐந்து வேலை நாளும் அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டது, செவ்வாய்க்கிழமை காலை ஐ-5ஐ மூடினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஏன் கோடை? இங்கே மழை அக்டோபரில் பிடித்தால் ஜூன்வரை விடுவதில்லை. ஜூலை நான்காம் தேதிக்குப் பிறகே கோடை தொடங்குகிறது என்பது உள்ளூர்க் கேலி. ஆனால் சாலைப் பொறியாளருக்கு அதுதான் நாள்காட்டி. ஜூலை முதல் வாரத்திலிருந்து செப்டம்பர் முடியும்வரை உலர்ந்த வார இறுதிகள் பன்னிரண்டோ பதின்மூன்றோ. கான்கிரீட் ஊற்ற, தார் போட, கோடு வரைய எல்லாவற்றுக்கும் அவையே வேண்டும். நகரமும் அதே வார இறுதிகளைத்தான் நம்பியிருக்கிறது: சீஃபேர், தெருவிழாக்கள், கச்சேரிகள், பேஸ்பால், கால்பந்து. 2023 ஜூலை 21 முதல் 23 வரையிலான ஒரே வார இறுதியில் லூமன் ஃபீல்டில் டெய்லர் ஸ்விஃப்டின் இரண்டு நிகழ்ச்சிகள், பக்கத்து மைதானத்தில் டொரான்டோ அணியோடு மாரினர்ஸ் பேஸ்பால் ஆட்டங்கள், கேபிடல் ஹில்லில் தெருவிழா. டொரான்டோ அணி வந்தால் பிரிட்டிஷ் கொலம்பியா ரசிகர்கள் எல்லை தாண்டி ஐ-5 வழியாகவே திரண்டு வருவார்கள். இங்கே விழாவுக்கும் பழுதுவேலைக்கும் பொதுவான பகை மழைதான். "மூடாத வார இறுதி ஒன்றைக் கொடு" என்று நீங்கள் கேட்கும்போது, பன்னிரண்டில் ஒன்றை எடுத்து வேலையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளச் சொல்கிறீர்கள்.

மீன்களுக்காகவும் சாலை மூடப்படுவதுண்டு. பழங்குடி மக்களின் உடன்படிக்கை உரிமையை முன்னிட்டு 2013இல் கூட்டாட்சி நீதிமன்றம் பிறப்பித்த ஆணைப்படி, சால்மன் மீன் மேலேறிச் செல்ல முடியாதபடி நெடுஞ்சாலைகளுக்கு அடியில் புதைத்த குழாய்களை மாநிலம் மாற்றியாக வேண்டும், காலக்கெடு 2030. சாலையைத் தோண்டாமல் அது நடக்காது. அந்த மூடல்களைக் கிண்டல் செய்வோர், குழாயைப் புதைத்தபோதே கொஞ்சம் பெரிதாகப் புதைத்திருந்தால் இந்தச் செலவு வந்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

இதுவரை சொன்னது மாநிலப் போக்குவரத்துத் துறையின் பக்கத்து நியாயம். இனி உங்கள் பக்கம். அது சிறியதல்ல.

இரண்டு மிதவைப் பாலங்களையும் ஒன்றாக மூடாமல் துறை பார்த்துக்கொள்கிறது. ஆனால் ஒன்று முழுதாக மூடியிருக்கும்போது மற்றதில் தடம் குறைப்பதும், அதே வார இறுதியில் ரென்டன் பக்கம் ஐ-405இல் வேலை நடப்பதும் உண்டு. துறையின் பட்டியலில் இவை தனித்தனிப் பணிகள், தனித்தனி ஒப்பந்தக்காரர்கள். பாதலிலிருந்து விமான நிலையத்துக்குக் கிளம்பும் உங்களுக்கு அது ஒரே பயணம். ஐ-5ஐ அடைத்தால் ஐ-405 தான் வடிகால். வடிகாலையும் சேர்த்து அடைப்பதற்குக் காரணம் எதுவாக இருந்தாலும் அது திட்டமிடுதல் ஆகாது.

மாறிக்கொண்டே இருக்கும் தேதிகள் அடுத்த குறை. மழை வந்தால் மூடல் தள்ளிப்போகும். அதில் யாருக்கும் குறை சொல்ல இடமில்லை. ஆனால் தள்ளிப்போன மூடல் எந்த வார இறுதிக்கு வரும் என்பது பல நேரங்களில் முன்கூட்டியே சொல்லப்படுவதில்லை. ஒவ்வொரு மூடலுக்கும் ஒரு மாற்றுத் தேதியையும் சேர்த்து அறிவித்துவிட்டால், அரங்கேற்றம் வைப்பவர் இரண்டையும் தவிர்த்துவிடுவார். இதற்குப் பணம் செலவில்லை.

மூன்றாவது குறை பேசப்படுவதே இல்லை. ஆனால் நகருக்குள் அதிகம் வதைப்பது அதுதான். ஐ-5 பாலம் மூடினால் கால்வாயைத் தாண்ட மிஞ்சுபவை நகருக்குள் இருக்கும் மற்றப் பாலங்கள். உயரமான அரோரா பாலத்தை விட்டுவிட்டால் பாலார்ட், ஃப்ரீமாண்ட், யுனிவர்சிட்டி, மான்ட்லேக் நான்கும் படகுக்காகத் தூக்கித் திறக்கும் பாலங்கள். ஃப்ரீமாண்ட் பாலம் சராசரியாக ஒரு நாளில் முப்பத்தைந்து முறை திறக்கிறது. நீர்வழியில் படகுக்கே முன்னுரிமை என்பது கூட்டாட்சிச் சட்டம். திங்கள் முதல் வெள்ளிவரை காலை, மாலை நெரிசல் நேரங்களில் சிறு படகுகளுக்குத் திறக்க வேண்டாம் என்ற விலக்கு இருக்கிறது. சனி ஞாயிறுக்கு அந்த விலக்கு இல்லை. ஆகவே ஐ-5ஐ மூடிவிட்டு எல்லோரையும் இந்தப் பாலங்களுக்குத் திருப்பிவிடும் அதே கோடை ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், பாய்மரப் படகு ஒன்று ஹாரன் அடித்தால் யுனிவர்சிட்டி பாலம் எழுந்து நிற்கும். இருபுறமும் ஒரு மைல் தூரத்துக்கு மாற்றுவழி வாகனங்கள் நிற்கும். விதியை வகுத்த காலத்தில் நெரிசல் என்றால் வேலை நாள் நெரிசல்தான். கடலோரக் காவல் படையிடம் தற்காலிக விலக்குக் கேட்டு, ஒவ்வொரு பெரிய மூடலோடும் சேர்த்து அறிவிக்க வழி இருக்கிறது. படகுக்காரர் ஒரு மணி நேரம் காத்திருப்பது பெரிய இழப்பும் அல்ல.

மூடலே வேண்டாம் என்போர் வேறு வகை மூடல்களையும் பார்க்க வேண்டும். 1990 நவம்பர் 25, தேங்க்ஸ்கிவிங் வார இறுதியின் ஞாயிறு: புதுப்பித்துக்கொண்டிருந்த பழைய ஐ-90 மிதவைப் பாலத்தின் மிதவைகளுக்குள் புயல் நீர் புகுந்து பாலம் ஏரியில் மூழ்கியது. 2013 மே 23, மெமோரியல் டே விடுமுறைக்கு முந்தைய வியாழன்: ஸ்காஜிட் ஆற்றின் மேல் ஐ-5 பாலத்தில் உயரமான சுமை ஏற்றிய லாரி மோத, பாலத்தின் ஒரு பகுதி அப்படியே ஆற்றில் விழுந்தது. தற்காலிகப் பாலம் வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆனது. 2020 மார்ச்சில் வெஸ்ட் சியாட்டில் பாலத்தில் விரிசல் வளர்வதைக் கண்டு மூடினார்கள். திறந்தது 2022 செப்டம்பரில். 2025 ஏப்ரலில் கார்பன் ஆற்றின் மேலிருந்த 1921ஆம் ஆண்டு ஃபேர்ஃபாக்ஸ் பாலத்தின் இரும்புத் தூண்கள் அரித்துவிட்டதால் அது வாகனங்களுக்கு நிரந்தரமாகவே மூடப்பட்டது. மவுண்ட் ரெய்னியரின் மோவிச் ஏரிக்குக் காரில் போகும் வழி அதோடு போயிற்று. ஸ்காஜிட் பாலம் விழுந்ததற்கு லாரியே காரணம், பராமரிப்பை அங்கே குறை சொல்வதற்கில்லை. ஃபேர்ஃபாக்ஸ் அப்படியல்ல. அறிவித்து மூடும் ஐம்பத்தைந்து மணி நேரத்துக்கு மறுபக்கம், அறிவிக்காமல் மூடும் ஆண்டுகள்.

ஃபேர்ஃபாக்ஸ் பாலத்தை மாற்றப் பணம் இல்லை என்றார்கள். பணம் எங்கே போகிறது என்பது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. வாஷிங்டன் மாநிலப் பெட்ரோல் வரி 2025 ஜூலை 1 முதல் கேலனுக்கு 6 சென்ட் கூடி 55.4 சென்ட் ஆனது. கூட்டாட்சி வரியோ 1993 முதல் 18.4 சென்ட்டிலேயே நிற்கிறது. 1944இல் வந்த அரசியல் சட்டத் திருத்தப்படி மாநிலப் பெட்ரோல் வரியை நெடுஞ்சாலைக்கு மட்டுமே செலவிட வேண்டும். ஆனால் நெடுஞ்சாலை என்றால் புதிதாக அகலப்படுத்துவதும் நெடுஞ்சாலைதான், பழையதைத் தாங்கி நிறுத்துவதும் நெடுஞ்சாலைதான். ரிப்பன் வெட்டப் புதுச் சாலைதான் வசதி. ஜாயின்ட் மாற்றியதற்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யாமல் விட்ட வேலை, அறுபதாம் ஆண்டில் ஒரே மூட்டையாக வார இறுதிகளின் மேல் விழுந்திருக்கிறது. உங்கள் கோபம் போய்ச் சேர வேண்டிய முகவரி இதுவே. பீப்பாய் வைக்கும் தொழிலாளியை நோக்கி ஹாரன் அடித்தால் மாநிலத் தலைநகர் ஒலிம்பியாவில் ஒருவருக்கும் கேட்காது.

ஊர் நினைத்தால் சமாளிக்கும் என்பதற்குச் சான்று உண்டு. 2019 ஜனவரி 11 அன்று அலாஸ்கன் வே மேம்பாலம் நிரந்தரமாக மூடப்பட்டு, 99ஆம் எண் சுரங்கச் சாலை பிப்ரவரி 4 அன்று திறக்கும்வரை மூன்று வாரம் ஊர் ஸ்தம்பிக்கும் என்று பத்திரிகைகள் எழுதின. அப்படி நடக்கவில்லை. மக்கள் நேரத்தை மாற்றினார்கள், பஸ்ஸில் ஏறினார்கள், சிலர் படகில் வந்தார்கள், பலர் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள். ஆனால் அந்த மூன்று வாரத்துக்குப் பல மாதங்களாகவே அறிவிப்பு இருந்தது. அறிவிப்பு இருந்தால் மக்கள் ஒத்துழைப்பார்கள் என்பதைத் துறை தன் அனுபவத்திலேயே அறியும். 2019இல் இல்லாத வசதியும் இப்போது இருக்கிறது: லின்வுட்டிலிருந்து விமான நிலையம்வரை ஒரே ரயில், லின்வுட் நிலையத்தில் 1,900 கார் நிறுத்த இடம். டவுன்டவுன் ரெட்மண்டுக்கும் 2025 மே மாதம் ரயில் வந்துவிட்டது.

எனவே உங்களிடம் வேண்டுவது இவை. வார இறுதியில் மூடவே கூடாது என்று கேட்கும் மனுக்களில் கையெழுத்திடாதீர்கள்; அவை வேலையைத் தள்ளிப்போடும், தள்ளிப்போன வேலை இன்னும் நீண்ட மூடலாகத் திரும்பி வரும். அதற்குப் பதில் துறைக்கு எழுதுங்கள்: ஐ-5இலோ மிதவைப் பாலங்களிலோ முழு மூடல் இருக்கும் வார இறுதியில் ஐ-405இல் தடம் குறைக்க வேண்டாம், ஒவ்வொரு மூடலுக்கும் மாற்றுத் தேதியைச் சேர்த்து அறிவியுங்கள், தூக்குப் பாலங்களுக்கு வார இறுதி விலக்குப் பெறுங்கள். மூன்றும் அவர்களால் முடிந்தவை. மாநிலச் சட்டமன்றம் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி இரண்டாம் திங்களன்று கூடுகிறது. போக்குவரத்து வரவு செலவு மசோதா குழுவுக்கு வரும்போது வீட்டிலிருந்தபடியே காணொளியில் பேசலாம், எழுதியும் அனுப்பலாம். குடியுரிமையோ ஓட்டுரிமையோ தேவையில்லை, எச்-1பி விசாவில் இருப்பவரும் செய்யலாம். "பழைய பாலங்களுக்கு முதலில் ஒதுக்குங்கள்" என்று இருநூறு பேர் ஒரே வாரத்தில் பதிவு செய்தால் குழு உறுப்பினர்கள் கவனிப்பார்கள். உங்கள் தொகுதி உறுப்பினரின் பெயர்கூடத் தெரியாமல் பத்து ஆண்டுகள் இங்கே வாழ்ந்துவிட்ட குடும்பங்கள் நிறைய.

சங்க நிர்வாகிகளுக்கும் நடன ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜூலை, ஆகஸ்ட் நிகழ்ச்சிகளுக்கு மண்டபம் பிடிக்குமுன் அந்தக் கோடைக்கான மூடல் அட்டவணையைப் பாருங்கள். ஏரியின் ஒரே கரையில், முடிந்தால் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இடம் தேடுங்கள். அழைப்பிதழில் பார்க்கிங் எங்கே என்று போடுவதுபோல ஸ்டேஷன் பெயரையும் போடுங்கள். தேதி முடிவானதும் துறைக்கும் தெரிவியுங்கள். கோடை நிகழ்ச்சிகள் எத்தனை, எங்கே, எவ்வளவு பேர் வருகிறார்கள் என்பது தெரியாதவரை அட்டவணை போடுபவரின் மேசையில் சீஃபேர் இருக்கும், மாரினர்ஸ் இருக்கும், உங்கள் நானூறு பேர் அரங்கேற்றம் இருக்காது.